மீசை வைத்த தாய்

பிழைப்பை நாடிக் குஜராத்திற்கு வந்து, இங்கேயே வேரூன்றிவிட்ட நாம், இந்நாட்டின் வணிகப் பெருமக்களை நன்கு அறிவோம். காந்தியடிகள் பிறந்த மண், வல்லபபாய் படேல் பிறந்த மண் என்று ஊருக்குச் செல்லும்போதெல்லாம் உறவினரிடம் பெருமையுடன் கூறிக் கொள்கிறோம். ஆயினும் இதே மண்ணில் பிறந்து, குழந்தைகளுக்காகவே வாழ்ந்து, குழந்தைகளாலேயே பெயர் சூட்டப் பெற்ற ஒரு பெரியாரைப் பற்றி நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர் பெயர் கிஜுபாய் பதேகா. இங்குள்ள குஜராத்திக் குடும்பங்களில் அப்பெயரை அறியாதார் மிகச் சிலரே. பெரியாரின் வாழ்வைச் சுருங்கக் கூறி, நம் சங்கத்து அன்பர்களுக்கு அறிமுகம் செய்து வைக்க விழைகிறோம். நமது தொழில் ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதுவது. கல்வி இயல் நாம் முறையாகக் கற்றதன்று. எனினும் பள்ளி செல்லும் பிள்ளைகளைப் பெற்றவர் என்ற உரிமை ஒன்று நமக்கு உண்டு.

கிரிஜாசங்கர் பகவான்ஜி பதேகா என்பது அவருடைய முழுப் பெயர். 1885-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள், சௌராஷ்டிரத்தில் அம்ரேலிக்கு அருகிலுள்ள சித்தல் என்னும் சிற்றூரில் பிறந்தார். வளர்ந்தது பாவநகரை அடுத்த வல்லபிபூரில். அக்காலத்துக் கிராமப் பள்ளி எவ்வாறு இருந்தது என்பதை நம்மில் மூத்தோர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. குஜராத்தானால் என்ன, தஞ்சாவூரானால் என்ன, உபாத்தியாயர் கையில் பிரம்பும், பிள்ளைகள் வாயில் நெட்டுருவும், அனைவர் நெஞ்சிலும் அச்சமும் எங்கும் ஒன்றுதான். பின்னர் பாவநகரில் மெட்ரிகுலேஷன் தேறி, சாமல்தாஸ் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரி கிஜுபாய் பிறந்த அதே 1885-இல் தோன்றியது. 1888-இல் காந்தியடிகளும் அங்குச் சிறிது காலம் பயின்றார். காந்தியடிகளைப் போலவே கிஜுபாயும் அங்குப் பட்டம் பெறாமலே வெளியேறினார். குடும்ப நிலை அவரை 1907-இல் கிழக்கு ஆப்பிரிக்காவிற்குப் பொருள் தேட அனுப்பியது. கடல் கடந்து சென்று உழைத்த அந்த இரண்டு ஆண்டுகள், தன் கையே தனக்கு உதவி என்னும் பாடத்தை அவருக்குக் கற்பித்திருக்க வேண்டும் என்பது நமது எண்ணம். ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு அது விளங்காத செய்தி அன்று.

1909-இல் தாயகம் திரும்பியவர், பம்பாயில் சட்டம் பயின்று, வத்வான் காம்பில், அதாவது இன்றைய சுரேந்திரநகரில், வக்கீல் தொழில் தொடங்கினார். தொழில் நன்கு நடந்தது. வருவாயும் மதிப்பும் பெருகின. அந்த வழியிலேயே சென்றிருப்பின், அவர் ஒரு நல்ல வக்கீலாகப் பெயர் பெற்று மறைந்திருப்பார். நாமும் இக்கட்டுரையை எழுத நேர்ந்திராது.

1913-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவருக்கு நரேந்திரன் என்னும் மகன் பிறந்தான். பிள்ளை பிறந்தால் பெயர் வைப்போம், ஜாதகம் கணிப்போம். கிஜுபாயோ இந்தப் பிள்ளையை எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்று கவலைப்படலானார். தாம் பயின்ற பள்ளியை நினைக்க நினைக்க, அங்கு அனுப்ப அவருக்கு மனம் ஒப்பவில்லை. இந்தத் தேட்டத்தில் அவர் கேடா ஜில்லாவைச் சேர்ந்த வசோ என்னும் ஊரை அடைந்தார். அங்குத் தர்பார் கோபால்தாஸ் என்னும் தேசபக்தரும், பரோடா நாட்டில் ஊர்தோறும் நூலகங்கள் தோன்றக் காரணமாயிருந்த மோதிபாய் அமீனும் கல்வித் துறையில் புதிய முயற்சிகளில் ஈடுபட்டிருந்தனர். அவர்கள் வாயிலாக இத்தாலி நாட்டு அம்மையார் மரியா மாண்டிசோரியின் கருத்துக்கள் கிஜுபாய்க்கு அறிமுகமாயின. ஒரு தந்தையின் கவலை ஒரு நாட்டின் கவலையாக மாறியது இவ்வாறுதான்.

பாவநகரில் 1910-ஆம் ஆண்டு முதல் தட்சிணாமூர்த்தி என்னும் பெயரால் ஒரு மாணவர் இல்லம் நடந்து வந்தது. கல்லூரிப் பேராசிரியர் பதவியைத் துறந்து வந்த நானாபாய் பட் அதன் உயிர்நாடி. தட்சிணாமூர்த்தி என்ற பெயரைக் கேட்டதும் தமிழராகிய நமக்குக் கல்லால மரத்தின் அடியில் தென்முகமாக அமர்ந்து, வாய் திறவாமல் உபதேசிக்கும் திருக்கோலம் கண்முன் நிற்கும். நம் ஊர்க் கோயில்தோறும் தெற்குச் சுவரில் நாம் வழிபடும் அக்கடவுளின் பெயர், தொலைதூரக் காத்தியாவாரில் ஒரு கல்விக்கூடத்திற்கு அமைந்தது நமக்கு மகிழ்ச்சி தருகிறது. இந்நிலையத்திற்குச் சட்டதிட்டங்கள் வகுத்துத் தந்த வக்கீல் கிஜுபாய், 1916-இல் வழக்குக் கட்டுகளைக் கட்டி வைத்துவிட்டுத் தாமே அதில் பணிக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. மனைவி மக்களோடு கூடிய ஒருவர், நிலையான வருவாயை விட்டு உபாத்தியாயர் சம்பளத்திற்கு வருவதென்றால் அது எளிதான காரியமா? மாதச் சம்பளம் வாங்கும் நம் போன்றோர்க்கே அதன் அருமை தெரியும்.

முதலில் உயர்நிலைப் பிள்ளைகளுக்கே அவர் கற்பித்தார். சில ஆண்டுகளில் ஓர் உண்மை அவருக்குப் புலனாயிற்று. பன்னிரண்டு வயதில் தம்மிடம் வரும் பிள்ளை ஏற்கெனவே வளைந்துவிட்ட மரம். நிமிர்த்துவதற்குப் படும் பாட்டில் பாதியை நாற்றங்காலிலேயே பட்டிருந்தால் போதும் என்பதே அது. ஆகவே 1920-இல், இரண்டரை வயது முதலான குழந்தைகளுக்காகப் பால மந்திர் என்னும் பள்ளியைத் தொடங்கினார். 1922-இல் தக்தேஷ்வர் குன்றின் மேல் அதற்கெனக் கட்டிய இல்லத்தை அன்னை கஸ்தூரிபா திறந்து வைத்தார். பாவநகர் செல்லும் அன்பர்கள் வெண்சலவைக் கல்லாலான தக்தேஷ்வர் சிவன் கோயிலைத் தரிசிக்கத் தவறுவதில்லை. அப்படியே சற்று நடந்து அப்பள்ளியையும் ஒருமுறை கண்டு வருமாறு வேண்டுகிறோம். நூறாண்டு கடந்தும் அது நடந்து கொண்டிருக்கிறது.

அங்கு நடந்தது என்ன? பெஞ்சுகள் இல்லை, பிரம்பு இல்லை, மணியடித்ததும் கணக்கு, மறுமணி அடித்ததும் பாடம் என்ற முறையும் இல்லை. மாண்டிசோரி அம்மையார் வகுத்த கருவிகள் குழந்தையின் கைக்கு எட்டும் தாழ்ந்த அலமாரிகளில் இருந்தன. பருமனிலும் உயரத்திலும் வேறுபட்ட மர உருளைகளை அவற்றிற்கு உரிய குழிகளில் பொருத்த வேண்டும். ஓர் உருளையைத் தவறான குழியில் இட்டால், இறுதியில் ஒன்று இடமின்றி மிஞ்சும். தவறு என்று சொல்ல உபாத்தியாயர் வேண்டுவதில்லை, மரக்கட்டையே சொல்லிவிடும். குழந்தை எவர் முன்னும் நாணாமல், தானே பிரித்து, தானே மீண்டும் அடுக்கும். இவ்வாறே உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துக்களின் மேல் விரலால் தடவித் தடவி, எழுதுகோலைப் பிடிக்கும் முன்பே கை எழுத்தின் வடிவை அறிந்து கொள்ளும். நம் முன்னோர் மணலிலும் நெல்லிலும் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத வைத்தார்களே, அதன் உட்கருத்தும் இதுவன்றி வேறென்ன? நாமோ அதை விஜயதசமி அன்று ஒரு நாள் சடங்காக முடித்துவிட்டு, மறுநாளே பென்சிலைத் திணித்து விடுகிறோம்.

கருவிகளோடு கிஜுபாய் நின்றுவிடவில்லை. தம் தட்டைத் தாமே கழுவுவது, குடத்திலிருந்து சிந்தாமல் நீர் வார்ப்பது, பொத்தானைத் தாமே போட்டுக் கொள்வது, செடிக்கு நீர் ஊற்றுவது, களிமண்ணில் உருவம் செய்வது, பாடுவது, ஆடுவது, குன்றைச் சுற்றி நடந்து பறவையையும் பூச்சியையும் காண்பது ஆகிய அனைத்துமே அங்குப் பாடம். தலை மட்டும் பள்ளிக்கு வந்து, கையும் காலும் நெஞ்சும் வாயிலில் காத்திருப்பது அவருக்கு உடன்பாடன்று. பரிசும் தண்டனையும் இரண்டுமே குழந்தையைக் கெடுக்கும் என்பது அவர் துணிபு. தண்டனையை விலக்குவோர் பலர். பரிசையும் விலக்கியவர் சிலரே. ஆண்டு விழாதோறும் மேடையில் கோப்பைகளை அடுக்கி வைக்கும் நம் போன்ற சங்கங்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

ஓர் இடத்தில் அவர் மாண்டிசோரி அம்மையாரினின்றும் வேறுபட்டார். நடவாததைக் கூறும் கற்பனைக் கதைகள் சிறு குழந்தைகளுக்கு வேண்டா என்பது அம்மையாரின் கொள்கை. கிஜுபாயோ கதை இன்றிக் குழந்தைப் பருவமே இல்லை என்றார். பாட்டிமார் வாயில் வழங்கிய நாட்டுக் கதைகளைத் திரட்டி, குழந்தைக்கேற்ற சின்னஞ்சிறு வாக்கியங்களில் எழுதி வெளியிட்டார். கதை சொல்லும் கலைக்கே 1925-இல் ஒரு சாத்திர நூல் இயற்றினார். குருவி அரிசிமணி கொணர, அதன் இணை பருப்புமணி கொணர, இரண்டும் கிச்சடி சமைத்த கதையும், முறம் போன்ற காதுடைய அரசன் கதையும், எத்துன்பத்திலும் சிரிக்கும் காக்கையின் கதையும் அவர் தொகுப்பால் குஜராத்தின் வீடுதோறும் நிலைபெற்றன.

தலா தர்வாடி கதையை இங்குக் கூறாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. கத்தரிக்காய்க்கு ஆசைப்பட்ட ஒரு பிராமணன், பிறர் தோட்டத்துள் புகுந்து, தோட்டத்தையே விளித்து, இரண்டு நான்கு காய் பறித்துக் கொள்ளட்டுமா என்று கேட்பான். பிறகு தோட்டத்தின் சார்பில் தானே, பத்துப் பன்னிரண்டு பறித்துக்கொள் என்று விடையும் சொல்லுவான். ஒரு நாள் மறைந்திருந்த தோட்டக்காரன் அவனைப் பிடித்துக் கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கி, இவனை மூன்று நான்கு முழுக்குப் போடட்டுமா என்று கிணற்றைக் கேட்டு, பத்துப் பன்னிரண்டு போடு என்று கிணற்றின் சார்பில் தானே விடை கூறுவான். நம் சங்கத்து ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில், கொட்டாவி விட்டுக் கொண்டிருந்த பிள்ளைகளிடம் சென்ற ஆண்டு இக்கதையைத் தமிழில் கூறினோம். பள்ளியில் இதைக் குஜராத்தியில் கேட்டிருந்த பிள்ளைகள் நாம் விட்ட இடத்தைத் திருத்தினார்கள். தமிழில் திருத்த வேண்டியிருந்ததால் தமிழ்ச் சொல்லைத் தேடினார்கள். அடுத்த ஞாயிறு ஒரு சிறுமி வீட்டிலிருந்து இரண்டு கத்தரிக்காய்களுடன் வந்து சேர்ந்தாள். கிணறு, கயிறு, கத்தரிக்காய் என்னும் சொற்களை எழுதித் தரும்படி அவர்களே கேட்டனர். இரண்டு மாதம் எழுத்து அட்டையைக் காட்டிப் பெறாத பயனை அந்த ஒரு கதை தந்தது.

கிஜுபாய்க்குப் பெரிய மீசை உண்டு. அவர் அன்பில் தாயையே கண்டதால், மூச்சாளி மா, அதாவது மீசை வைத்த அம்மா, என்னும் பெயர் அவருக்கு வழங்கலாயிற்று. அரசாங்கம் அளிக்கும் பட்டங்களையும் நாம் கண்டிருக்கிறோம். இதற்கு ஈடான பட்டம் எதுவும் நமக்குத் தோன்றவில்லை. 1929-இல் குஜராத்தி இலக்கியத்தின் உயர்ந்த விருதான ரஞ்சித்ராம் பொற்பதக்கமும் அவரை வந்தடைந்தது.

1923-இல் தாராபாய் மோடக் என்னும் மராட்டிய அம்மையார், ராஜ்கோட்டில் ஆசிரியைகளுக்கான பயிற்சிக் கல்லூரித் தலைமையை விட்டு, இவருடன் வந்து சேர்ந்தார். இருவரும் கூடி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தனர். கல்விப் பத்திரிகை நடத்தினர். 1926-இல் நூதன பால சிட்சண சங்கம் என்னும் கழகத்தையும் நிறுவினர். கிஜுபாய் குழந்தைகளுக்கும் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்குமாக எழுதிய சிறு நூல்கள் நூற்றுக்கு மேற்பட்டவை. பெற்றோர் ஆவது கடினம் என்று ஒரு நூலுக்குத் தலைப்பே இட்டார்.

இவற்றுள் தலைசிறந்தது 1930-களின் தொடக்கத்தில் வெளிவந்த திவாஸ்வப்னம். பகல் கனவு என்னும் பெயரில் நேஷனல் புக் டிரஸ்ட் வாயிலாகத் தமிழிலும் வந்துள்ளது. குழந்தைப் பள்ளியில் செய்ததைச் சாதாரண ஆரம்பப் பள்ளியில் செய்ய இயலுமா என்னும் வினாவிற்கு விடையாக எழுந்த கதை இது. லட்சுமிராம் என்னும் ஓர் ஆசிரியர் கல்வி அதிகாரியிடம் சென்று, நான்காம் வகுப்பு ஒன்றைத் தம்மிடம் ஓராண்டு ஒப்படைக்குமாறு கேட்கிறார். அதே பாடத்திட்டம், ஆண்டு இறுதியில் அதே பரீட்சை என்ற நிபந்தனையோடு அதிகாரியும் இசைகிறார். முதல் நாள், புத்தகத்தில் கற்றபடி அமைதி விளையாட்டு ஒன்றை நடத்த முற்படுகிறார். பிள்ளைகளோ கூச்சலிட்டுக் கும்மாளம் போடுகின்றனர். வேறு வழியின்றி அன்று விடுமுறை அளித்து அனுப்பிவிட்டுத் தலைமையாசிரியரின் கோபத்திற்கு ஆளாகிறார். தம் கொள்கை முதல் நாளிலேயே தோற்றதாகத் தாமே எழுதும் கல்வியாளரை நாம் வேறெங்கும் கண்டதில்லை. நூலின் உண்மைத்தன்மை நமக்கு இங்கேயே விளங்கியது.

மறுநாள் கதை தொடங்குகிறது. கூச்சலிட்டவர்கள் அசையாமல் அமர்கின்றனர். கதை நாட்கணக்கில் நீளுகிறது. இடையிடையே ஒழுங்கும், வருகைப் பதிவும், வரிசையில் அமர்தலும் தாமாகவே வந்து சேர்கின்றன. பிறகு நகமும் தலைமுடியும் ஆடையும் தூய்மையாக்கப் பெறுகின்றன. ஒவ்வொருவரும் தனித்தனியே பாடப் புத்தகம் வாங்கும் பணத்தைத் திரட்டி, வகுப்பிற்கென ஒரு சிறு நூலகம் அமைகிறது. ஆற்றங்கரையில் விளையாட்டு, நாட்டுப் பாடல், நாடகம், கதையாக மாறிய வரலாறு, விளையாட்டாக மாறிய இலக்கணம் என ஆண்டு நகருகிறது. உடனாசிரியர்கள் நகைக்கின்றனர், பிள்ளை படிக்காமல் விளையாடுகிறானே என்று பெற்றோர் முறையிடுகின்றனர். முறையிடும் அப்பெற்றோரிடம் நமக்குக் கோபம் எழவில்லை. மகன் நான்கெழுத்துக் கற்று ஓர் உத்தியோகத்தில் அமர்ந்தால்தான் அடுப்பெரியும் என்னும் குடும்பங்களில் பிறந்தவர்கள் நாம். விளையாட்டை நம்பிப் பிள்ளையை ஒப்படைக்க அவர்களுக்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

ஒன்று கூற வேண்டும். இது கதை, ஆதலால் வெற்றி ஆசிரியர் கையில் இருந்தது. அறுபது பிள்ளைகளும் ஓர் ஆசிரியரும் உள்ள அறையில் இவை யாவும் அவ்வாறே நடக்கும் என்று நாம் உறுதி கூற மாட்டோம். மாண்டிசோரிக் கருவிகள் விலை மிக்கவை, வசதி படைத்தோர் வீட்டுக் குழந்தைகளுக்கே இம்முறை ஏற்றது என்னும் குறையும் அக்காலத்திலேயே எழுந்தது. அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் கதை சொல்லவும், நகம் வெட்டிவிடவும், அடிக்காமல் இருக்கவும் எவ்வளவு பணம் வேண்டும்?

1930-இல் உப்புச் சத்தியாக்கிரகம் எழுந்தபோது கிஜுபாய் பள்ளிக்குள் அடைந்து கிடக்கவில்லை. வரிகொடா இயக்கத்தில் வீடு துறந்த விவசாயிகளின் முகாம்களில் தொண்டாற்றினார். சூரத்தில் சிறுவர்களின் வானர சேனைக்கு உறுதுணையாக நின்றார். முதியோர்க்கு எழுத்தறிவிக்கும் முறை ஒன்றையும் வகுத்தார். 1936-இல், இருபதாண்டு உழைத்து வளர்த்த தட்சிணாமூர்த்தியினின்றும் விலகினார். பின்னர் ராஜ்கோட்டில் ஆசிரியர் பயிற்சிக் கூடம் ஒன்றைத் தொடங்கினார். ஐம்பது வயதைக் கடந்தபின் மீண்டும் முதலடியிலிருந்து தொடங்குவது உடலை வாட்டியது. 1939-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் பம்பாயில் காலமானார். வயது ஐம்பத்து மூன்றுதான்.

அதே 1939-ஆம் ஆண்டு நவம்பரில், பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்று மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்தார். ஓலைக் கொட்டகைகளில் நடந்த முதல் பயிற்சி வகுப்பில் ஏறக்குறைய முந்நூறு பேர் பயின்றனர். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதால், பகை நாட்டவர் என்ற கட்டுப்பாட்டிற்கு உட்பட்டு, 1942 முதல் இரண்டாண்டு கோடைக்கானலில் தங்கினார். ஆறு வயதிற்கு மேற்பட்ட ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கான முறையை அவர் விரித்து வகுத்தது அக்குளிர்ந்த மலையில்தான். பின்னர் ஆமதாபாத்திலும் வகுப்பு நடத்தினார். அவருடைய புகழ் பெற்ற நூல்களுள் ஒன்று அந்த ஆமதாபாத் சொற்பொழிவுகளால் உருவானதே. பத்தொன்பது ஆண்டுகள் அவர் முறையைக் குஜராத்தில் பரப்பிய கிஜுபாய்க்கு, ஐந்து மாத இடைவெளியில் அவரை நேரில் காணும் பேறு தவறிப் போயிற்று.

செல்வர்க்கே உரியது என்ற குறையைத் தீர்க்கும் பணியைத் தாராபாய் மோடக் மேற்கொண்டார். 1945-இல் தானா ஜில்லாவைச் சேர்ந்த போர்டியில், அனுதாய் வாக் என்னும் அம்மையாரின் துணையுடன், ஏழைக் குழந்தைகளுக்காகப் பாலவாடி தொடங்கினார். விலை மிக்க கருவிகளுக்கு மாற்றாகச் சிப்பியும் விதையும் இலையும் கூழாங்கல்லும் அங்குக் கல்விக் கருவிகள் ஆயின. பள்ளிக்கு வராத ஆதிவாசிக் குழந்தைகளைத் தேடிப் பள்ளியே அவர்கள் வசிக்கும் இடத்திற்குச் சென்றது. மரத்தடியே வகுப்பறை ஆயிற்று. 1957-இல் இப்பணி கோஸ்பாட் குன்றுக்கு மாறியது. தாராபாய் 1962-இல் பத்மபூஷண் விருது பெற்று, 1973-இல் மறைந்தார். பள்ளியில் குழந்தையை அடிக்கலாகாது என்று இந்திய நாடு முழுவதற்குமாகச் சட்டம் செய்ய 2009-ஆம் ஆண்டு வரை ஆயிற்று.

ஆமதாபாத்திலிருந்து மும்பை செல்லும் இருப்புப்பாதையில், குஜராத் எல்லையைத் தாண்டியதும் கோல்வட் என்று ஒரு சிறு நிலையம் வரும். பெரிய வண்டிகள் பல அங்கு நிற்பதில்லை. போர்டிக்கும் கோஸ்பாட் குன்றுக்கும் செல்வோர் இறங்குமிடம் அது.